மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லாத கேள்விகள்

வீட்டுக் கடன் கேட்டு ஒருவர் வங்கிக்குப் போனால், அவர் வாங்கவிருக்கும் வீட்டை நேரில் பார்த்து அதன் மதிப்பை எழுதித் தரும்படி என்னைப் போன்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை வங்கி அனுப்பும். காரைக்குடியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் 23 ஆண்டுகளாக நான் இந்த வேலையைச் செய்து வருகிறேன். மனையின் கிழமேல் அளவு, தென்வடல் அளவு, நான்கு எல்லைகள், அரசின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனை விலை, கட்டடத்தின் பரப்பு, வயது, தேய்மானம், அவசரத்துக்கு விற்றால் கிடைக்கக்கூடிய தொகை என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டங்கள் உண்டு. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு என்று வைத்துக்கொண்டு, கழிந்த ஆண்டுகளுக்குரிய தேய்மானத்தைக் கழித்து, நிலத்தின் மதிப்பைக் கூட்டினால் ஒரு தொகை வந்துவிடும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, வீடு வாங்குகிறவர் என்னை வாசலில் நிறுத்தி ஏதாவது ஒன்றைக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது. ஆனால் அவர் அந்த வீட்டை வாங்குவதும் விடுவதும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அமைகிறது என்பதை நான் இத்தனை ஆண்டுகளில் கண்டிருக்கிறேன்.

சென்ற தை மாதம், பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரும் அவருடைய கணவரும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். மகன் பெயரில் கடன் வாங்குவதாக ஏற்பாடு. தெரிந்தவர்கள் என்பதால், வங்கி அனுப்புவதற்கு முன்பே மூன்று வீடுகளையும் உடன் வந்து பார்க்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முதல் வீடு கழனிவாசல் பக்கம், இரண்டாவது நூறடி சாலையை ஒட்டிய தெருவில், மூன்றாவது செஞ்சையில். இரண்டாவது வீட்டின் முகப்பைப் பார்த்தவுடனே கணவருக்குப் பிடித்துவிட்டது. தேக்குக் கதவு, செதுக்கிய நிலை, கூடத்தில் ஆத்தங்குடித் தளம், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு முன்னிடம். டீச்சர் எதையும் சொல்லவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட்டு, கைப்பையிலிருந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து மூடி, அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி "2" என்று எழுதிக்கொண்டார். முதல் வீட்டிலும் அவர் அப்படியே செய்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன்.

"பருப்பு வேகுதான்னு பாக்கணும், தம்பி" என்றார்.

என்னிடம் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்று உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. மூன்று தண்ணீரிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்றுமே அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருந்தன. மீட்டரைக் கொண்டு இதற்குமேல் சொல்வதற்கில்லை. டீச்சர் அன்று மாலை வீட்டுக்குப் போய், ஒரே கடையில் வாங்கிய ஒரே துவரம்பருப்பை மூன்று பங்காகப் பிரித்து, மூன்று தண்ணீரிலும் தனித்தனியே, குக்கரில் இல்லாமல் திறந்த பாத்திரத்தில், ஒரே நேரம் வேக வைத்திருக்கிறார். முதல் வீட்டுத் தண்ணீரிலும் மூன்றாவது வீட்டுத் தண்ணீரிலும் பருப்பு மலர்ந்து குழைந்தது. இரண்டாவது வீட்டுத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. மறுநாள் காலை தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, தேக்குக் கதவு வீடு வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரியான சோதனை. மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். அதில் கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு, வெறும் சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. தண்ணீரைக் கடினமாக்குவது முதல் இரண்டும்தான். பருப்பின் உயிரணுச் சுவர்களில் இருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இறுகப் பிடித்துக்கொள்வதால், நெடுநேரம் கொதித்தாலும் அந்தச் சுவர் எளிதில் கரைவதில்லை. அதே தண்ணீர்தான் சோப்பை நுரைக்க விடாமல் செய்யும், குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், வெந்நீர்க் கலனின் கம்பியைக் கெடுக்கும். மூன்று லட்சம் ரூபாய் செலவு செய்து சமையலறையை மாற்றி அமைக்கலாம். நிலத்தடியில் இருக்கும் தண்ணீரை மாற்ற முடியாது. சுத்திகரிப்புக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள், அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் உதவும் என்பதையும், உள்ளே விட்ட தண்ணீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியே தள்ளிவிடும் என்பதையும் யோசிப்பதில்லை.

இந்த மண்ணில் வீட்டைப் பற்றிய பேச்சு தண்ணீரில் தொடங்குவது இயல்பானதுதான். வற்றாத ஆறு எதுவும் பாயாத செம்மண் பூமி இது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி இன்றும் உரிமையோடு பேசுவது அதனால்தான். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, அதற்கு வரத்துக்கால் விட்டு, குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் நம் முன்னோர். பெரிய வீடுகளின் நாட்டு ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் வளவு எனப்படும் நடுமுற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதும், முற்றத்து மூலைகளில் அண்டாக்களை வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்ததும், மிஞ்சியது தளத்துக்கு அடியில் போகும் காலின் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போய்ச் சேர்ந்ததும் அழகுக்காகச் செய்தவை அல்ல. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இங்கே நூறாண்டு வயதுள்ள வீடுகளில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் புது மனைப்பிரிவுகளில் நான் பார்க்கும் பல வீடுகளில், ஒரு குழாயை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கிவிட்டு மழைநீர்ச் சேகரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீடு வாங்குகிறவர் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை தோண்டிக் காட்டச் சொன்னால், அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் மற்ற இடங்களில் எப்படி வேலை செய்திருப்பார் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

தண்ணீர் இல்லாததைப் போலவே, வேண்டாத இடத்தில் தண்ணீர் நிற்பதும் கேள்வியாகிறது. "ரோட்டைவிட வீடு பள்ளமா?" என்று சமீப காலமாகப் பலரும் கேட்கிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதால், முப்பது ஆண்டுகளுக்கு முன் சாலையைவிட இரண்டு அடி உயரத்தில் கட்டிய வீடு இன்று சாலை மட்டத்துக்கு வந்திருக்கிறது. சில தெருக்களில் சாலைக்குக் கீழேயே போய்விட்டது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஏன் அவ்வளவு உயர்ந்த மேடையில் நிற்கின்றன என்று கேட்டால், காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்ட நினைவால் என்று வழிவழியாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அந்த வீடுகளில் எத்தனை மழைக்கும் வாசற்படிக்கு மேலே தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை. வாங்கவிருக்கும் வீட்டைச் சித்திரையில் ஒருமுறை பார்த்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்வேன். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். உப்புப் பூத்து, வர்ணம் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தால், அந்தச் சுவர் ஆண்டுதோறும் ஈரம் குடிக்கிறது என்று பொருள். விற்கிறவர்கள் இதை மறைப்பதற்காகவே அந்த உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டிவிடுவதும் உண்டு. அப்படி ஒட்டியிருந்தால் அதை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன். பிடிப்பு விட்டிருந்தால் உள்ளே கூடு போல ஒலிக்கும்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்குகிறவர்கள் வீடு பார்க்க வருவது காலை பத்து மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோதான். பங்குனி சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். மொட்டை மாடியில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த சுர்க்கிக் கலவை போட்டுத் தட்டோடு பதித்த வீட்டுக்கும், வெறும் கான்கிரீட்டின் மேல் சிமெண்டுப் பூச்சோடு விட்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கால் மணி நேரம் சொல்லிவிடும். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த வீட்டை வாங்கியவர்கள் பிறகு திரை வாங்கியும் குளிர்சாதனம் வாங்கியும் கட்டிய மின்கட்டணத்தை நான் கேட்டிருக்கிறேன்.

வாஸ்து கேட்காதவர் இல்லை. அதற்கென்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் கருத்துச் சொல்வதில்லை.

பாதையைப் பற்றி மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் நான்கு சென்ட் இடம் வாங்கினேன். விற்றவர்கள் கொடுத்த வண்ணப் படத்தில் என் மனைக்கு முன்னால் 23 அடிப் பாதை தெளிவாக வரைந்திருந்தது. பத்திரத்திலும் "கிழக்கு எல்லை பொதுப்பாதை" என்று எழுதியிருந்தது. தாய்ப்பத்திரம் பார்த்தேன், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், பட்டாவைச் சரிபார்த்தேன். எல்லாம் என் நான்கு சென்டைப் பற்றியவை. அந்தப் பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்று நிலத்தின் அளவுகளையும் எல்லைகளையும் காட்டும் நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. படத்தை வாங்கிப் பொருத்திப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அஸ்திவாரம் தோண்ட ஆட்களோடு போனபோது, பாதையின் நடுவில் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டியிருந்தது. பெரிய சாலையிலிருந்து என் மனைக்கு வருகிற வழியில் கடைசி 60 அடி இன்னொருவருடைய பட்டா நிலம். அவர் அந்த நிலத்தை விற்கவும் இல்லை, பாதை விடுவதாக எங்கும் கையெழுத்திடவும் இல்லை. அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. என்னிடம் விற்றவர்கள் தங்களுக்கு இல்லாத பாதையைப் படத்தில் வரைந்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் பேசி, அந்தக் கீற்று நிலத்தை மனையின் விலைக்கு நிகரான விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் வீடு கட்ட முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் நாங்கள் வாடகை கட்டினோம். அதற்குள் என் தந்தையார் காலமாகிவிட்டார். அவர் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதனால், அங்கீகாரம் பெற்ற மனையா என்று வாங்குகிறவர் கேட்கும்போது, அந்தச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள் என்று மன்றாடிச் சொல்கிறேன். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த மனைப்பிரிவு என்றால் பாதைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் 2016 அக்டோபர் 20 என்ற தேதி முக்கியமானது. அந்தத் தேதி வரையில் மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் அந்தத் திட்டம் பொருந்தும். இந்தத் தேதியைத் தெரியாமல், விலை மலிவாக இருக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்ற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றும் இருந்ததில்லை.

பணக் கணக்கில் பெரும்பாலானோர் தவறவிடுவது ஒன்றுதான். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 விழுக்காடு, அதாவது 32 லட்சம் தரலாம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு மட்டுமே 90 விழுக்காடு என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மீதி 8 லட்சம் கையிலிருந்து போட வேண்டும் என்று அனைவருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு என்பதும், இந்த விலைக்கு அது 3 லட்சத்து 60 ஆயிரம் என்பதும், அதையும் கையிலிருந்தே கட்ட வேண்டும் என்பதும் பத்திரம் எழுதுகிறவரின் மேசையில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. நான் எழுதும் மதிப்பு பேசிய விலைக்குக் குறைவாக இருந்தால், வங்கி குறைந்த தொகையின் மேல்தான் விழுக்காடு போடும். அப்படி நேர்கிற வீடுகளில் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன. முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு வலிக்கும்.

வயதானவர்கள் வீடு தேடும்போது கேள்விகள் வேறாகிவிடுகின்றன. பத்து மைல் தள்ளியுள்ள ஓர் ஊரில், தெருவின் இந்த முனையிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் பெரிய வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சி, காரைக்குடிக் கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் இரண்டு அறை கொண்ட சிறு வீட்டை வாங்கினார். பழைய வீட்டில் முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் கதவுகள். நிலைக்கு நிலை தேக்கு. பூச்சு நூறாண்டாகியும் கண்ணாடி போல வழவழப்பு. புது வீட்டில் அவர் கேட்டது, வாசலில் ஒரு திண்ணை கட்ட முடியுமா என்பதை மட்டும்தான். சட்டப்படி விட வேண்டிய இடத்தை விட்டபின் ஒன்றரை அடி அகலத்துக்குத்தான் திண்ணை வந்தது. அதுவே போதும் என்றார். மாலையில் அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரரும் பூக்காரப் பெண்ணும் அவரோடு அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் குரல் கொடுக்கும் தொலைவில் ஆள் இருக்கிறதா என்பதை முதியவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் உள்பொருளைப் புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துவைத்துவிட்டு வருவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இனிப் பழைய வீடுகளுக்கு வருகிறேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு முன்பிருந்தே, வெளிநாட்டில் சம்பாதித்தவர்களும் விடுதி நடத்த நினைப்பவர்களும் இந்த வீடுகளைத் தேடி வருகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பர்மாத் தேக்குத் தூண்களைத்தான். ஆனால் இங்கே ஒரு வீட்டின் உண்மையான நிலையைச் சொல்வது எத்தனை தூண் என்பது அல்ல, எத்தனை கையெழுத்து என்பதுதான்.

சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன், கானாடுகாத்தானுக்கு அப்பால் ஓர் ஊரில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கட்டடம் நன்றாக இருந்தது. ஓடுகள் மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாம் கட்டில் ஒரு விட்டம் கறையான் பிடித்திருந்தது. அப்போதே பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பழுப்பேறிய முத்திரைத்தாளில், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வொருவருக்கும், இன்னின்ன இரட்டை வீடு, அதாவது இரண்டு அறை, என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, முகப்பையும் வளவையும் பின்கட்டையும் கிணற்றையும் "பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு புள்ளியிடமிருந்து வாங்கினால் உங்களுக்கு இரண்டு அறை சொந்தமாகும்; அந்த அறைகளுக்கு நடந்து வரும் வளவு, உங்களுக்கும் இன்னும் பலருக்கும் பொதுவாகவே இருக்கும். பிரிபடாத அந்தப் பங்கை வங்கிகள் பொதுவாக ஈடாக ஏற்பதில்லை. முழு வீட்டையும் வாங்க, அப்போதைய ஐந்து புள்ளிகளின் இன்றைய வாரிசுகள் 17 பேர் கையெழுத்திட வேண்டியிருந்தது.

பெண் வாரிசுகளை விட்டுவிட்டு எழுதிய கணக்குகள் இப்போது செல்லாது. தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமையைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் கொடுத்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன் பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையை இது கலைக்காது என்றாலும், அதன்பின் ஒவ்வொரு புள்ளியிலும் நேர்ந்த மரணங்களுக்கு வாரிசுச் சான்று பார்த்து, மகள்களையும் சேர்த்தே பட்டியல் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குப் பவர் கொடுப்பதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். அந்தத் தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கிறவர் உள்ளூர்க்காரரானால், விலை 50 லட்சத்தை எட்டும்போது மட்டும் அதில் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும். அவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் அந்த வரம்பும் அந்த விழுக்காடும் பொருந்தாது. தொகை எவ்வளவு ஆனாலும் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது. இவ்வளவையும் சொன்ன பிறகு அவர் விலகிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "நடக்கிறபடி நடக்கட்டும், தொடங்குவோம்" என்றார்.

ஓராண்டுக்கு மேலாகியது. சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று 16 பேர் ஒப்புக்கொண்டார்கள். பதினேழாவதாக மிஞ்சியவர், ஒரு புள்ளியின் மகளாகப் பிறந்து மலேசியாவில் வாழ்க்கைப்பட்டுப் போன, எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. அவருடைய பங்குக்கு வரும் தொகை அவருக்குப் பெரிதல்ல. பிள்ளைகள் பேசியும் அவர் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் வாங்குகிறவரே கோலாலம்பூருக்குப் போய், அவர் காலடியில் உட்கார்ந்து பேசினார். விலையை அவர் கேட்கவே இல்லையாம். வீட்டை இடித்துத் தூணையும் நிலையையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கத்தான் வாங்குகிறாயா என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு வந்து இருக்கப்போகிறேன் என்று இவர் சொல்ல, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே என்னை அழைத்தார்.

வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருக்கும் காவல்காரரைக் கூட்டிக்கொண்டு அன்று மாலையே போனேன். கிணற்று வாயில் போட்டிருந்த மரப்பலகைகளில் ஒன்று மக்கிவிட்டிருந்தது. மற்ற இரண்டையும் நகர்த்தி, அளவு நாடாவின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினோம். 31 அடியில் கல் தண்ணீரைத் தொட்டது. அதற்குக் கீழே இன்னும் 9 அடி போய்த் தரை தட்டியது. செல்பேசி விளக்கைக் காட்டிப் படம் எடுத்தேன். கறுப்பு வட்டத்தின் நடுவில் எங்கள் இருவர் தலையும் சிறிதாகத் தெரிந்தன. அளவையும் படத்தையும் அனுப்பினேன். மூன்று பக்கமும் செங்கல் பெயராமல் இருக்கிறது, வடபுறம் மட்டும் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது, அதை வேரோடு எடுத்துவிடலாம் என்றும் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. வாங்குகிறவர் பேசுவார் என்று எடுத்தால், ஆச்சியே பேசினார். குரல் தெளிவாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, "படத்தைப் பாத்தேனப்பா. எறைச்சுக் குடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்.

இல்லை ஆச்சி, வாளி கொண்டு வரவில்லை என்றேன்.

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில், வாளியும் 50 அடிக் கயிறும் ஒரு செம்பும் எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன்.